நம்பர் வராதவர்களின் ஞாயிற்றுக்கிழமை

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பீஸ் எவ்வளவு என்றும் கேட்பதில்லை (பீஸ் கிடையாது, அது வேறு விஷயம்). "ஏனுங்க டீச்சர், இது வெளிய யாருக்கும் தெரியாதுங்களே?" என்றுதான் கேட்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர், சீட்டுப் போட்டு வீடு கட்டியவர், மகளுக்குக் கல்யாணம் முடித்தவர் குரலைத் தாழ்த்தி, படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு இப்படிக் கேட்பார்.

நான் திருப்பூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி ஆட்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், கட்டிங் மாஸ்டர் என்று எல்லா டேபிளும் இருக்கும். டெம்போ ஓட்டுகிறவர்கள் சிலர். முன்பெல்லாம் டிரைவர்கள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்காக வருவார்கள். சரக்கு வண்டி லைசென்சுக்கு எட்டாவது பாஸ் வேண்டும் என்ற விதி இருந்தது. அதை 2019-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வருகிற டிரைவர்கள் விதிக்காக வருகிறவர்கள் இல்லை. "மனசுக்குள்ள கெடந்து அரிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இவர்களைக் கூடுதலாகப் பிடிக்கும்.

வெளியே தெரியக் கூடாது என்பதற்குப் படிப்பு என்ன களவா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் மொத்தப் பயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டைப் பார்த்து அவர்கள் பயப்படுவதில்லை. அதை இன்னும் பார்க்கவே இல்லையே! தோற்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்பதுதான் பயம். ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தும்விட்டார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு ரிசல்ட் செல்போனில் வந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் பத்தாவது எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேப்பரில் பாஸானவர்களின் நம்பரை மட்டும் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போடுவார்கள். பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும்போதே டீக்கடை முன்னால் கூட்டம் முண்டும். கண் நன்றாகத் தெரிகிற ஓர் அண்ணன் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வருவார். முந்தின நம்பர் இருக்கும், அடுத்த நம்பரும் இருக்கும். "உன் நம்பர் வரலடா" என்று அத்தனை பேர் காதில் விழச் சொல்லிவிட்டு அடுத்த பையனுக்குப் போய்விடுவார். அந்த டீக்கடையிலிருந்து வீடு வரைக்கும் நடந்த நடையை என் மாணவர்கள் இருபத்தைந்து, முப்பது வருடம் கழித்தும் நேற்று நடந்த மாதிரி சொல்கிறார்கள்.

இன்னொரு வகையினர் டீக்கடை வரைக்கும்கூடப் போகாதவர்கள். பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி சதவீதம் கெட்டுவிடக் கூடாது என்று ஒன்பதாவதிலேயே டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. பரீட்சையில் தோற்க இவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. தோற்றுவிடுவார்கள் என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள். நான் பார்த்த வரையில் இவர்களுடைய பயம்தான் ஆழமானது. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர்களுக்கே தெரியாது.

வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் பழைய உடம்பு திரும்பி வந்துவிடும். பேரைச் சொன்னால் ஐம்பது வயது மனிதர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்வார். எழுதுவதை இடது கையால் மறைப்பார்கள். நான் பக்கத்தில் போனால் பேனா நின்றுவிடும். பெரிய கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர், ஒரு செக்ஷனையே அதட்டி வேலை வாங்குகிறவர், நான் மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நான் கோடு போடத்தான் எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்திருந்தது. அதிலிருந்து ஸ்கேலை நான் தொடுவதில்லை, அவர்கள் கையில்தான் இருக்கும்.

இந்த நிலையில் இருப்பவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்வதைப் போல வீணான பேச்சு வேறு இல்லை. பயப்படுவது வெளியே தெரிந்துவிட்டதே என்று அது இன்னொரு பயத்தைத்தான் சேர்க்கும். அதைவிட மோசமானது, வாட்ஸப்பில் சுற்றுகிற பாட்டிக் கதைகள். கேரளத்தில் கொல்லத்துப் பாகீரதி அம்மா, 105 வயதில் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதி 275-க்கு 205 மார்க் வாங்கினார். 2020 பிப்ரவரியில் ரிசல்ட் வந்தபோது நாடே கொண்டாடியது. அதற்கு முந்தி 2018-இல் ஆலப்புழைக் கார்த்தியாயினி அம்மா, 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இருவரும் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் செய்தி என் மாணவி ஒருத்தியின் வீட்டில் எப்படி வந்து இறங்கியது தெரியுமா? "நூத்தஞ்சு வயசுக் கெழவியே பாஸ் பண்ணிருக்குது, உனக்கென்ன கேடு?" அவள் அடுத்த இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

அந்தச் செய்தியில் என்னைக் கவர்ந்தது வயதும் இல்லை, மார்க்கும் இல்லை. பாகீரதி அம்மாவால் வேகமாக எழுத முடியாது என்பதால், கேரள எழுத்தறிவு இயக்கம் அவரை வீட்டிலேயே, மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுத விட்டது. பரீட்சை அவர் வீட்டு வாசலுக்கு வந்தது, அவர் வேகத்துக்கு நடந்தது. யாரும் பார்வர்டு செய்யாத வரி இதுதான். தைரியத்தை அந்தப் பாட்டியிடம் மட்டும் எதிர்பார்க்காமல், பரீட்சை நடத்துகிறவர்களும் ஓர் எட்டு முன்னால் வந்திருக்கிறார்கள்.

இப்படிப் படிப்பு ஆளைத் தேடி வருவதை நான் முதலில் பார்த்தது புதுக்கோட்டையில். நான் பிறந்த ஊர் அது. 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அங்கே வந்தபோது நான் தொண்டராகச் சேர்ந்தேன். தெரு விளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் வகுப்பு நடக்கும். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்துவிட்டு வந்த பெண்கள், சிலேட்டைத் தொடவே கூசுவார்கள். "எங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்து இயக்கமாக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு அதைப் பற்றி எழுதி உலகத்துக்கே தெரிந்தது. பெண் விடுதலை, நடமாடும் சுதந்திரம் என்றெல்லாம் அதைப் பற்றிச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் தெருவில் நின்ற எனக்குத் தெரிந்தது இன்னொன்று: சைக்கிள் பழகும்போது எல்லோரும் விழுந்தார்கள். மாமியார் விழுந்தார், மருமகள் விழுந்தாள், பிடித்துக்கொண்டு ஓடிய நானும் விழுந்தேன். ஊரே பார்த்துச் சிரித்தது, விழுந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பட்டப்பகலில் ஊர் பார்க்க முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவளுக்கு, சாயங்காலம் சிலேட்டில் 'ழ'வைத் தலைகீழாகப் போடுவது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

என் மாடியில் சைக்கிள் விட இடமில்லை. கவராயமும் கோணமானியும் இருக்கின்றன.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியும். ஒரு மார்க் பதினான்கு, இரண்டு மார்க்கில் பத்து, ஐந்து மார்க்கில் பத்து, கடைசியில் எட்டு மார்க்கில் இரண்டு. அந்த எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். புத்தகம் முதல் இயலில் உறவுகளும் சார்புகளும் என்று ஆரம்பிக்கும். நான் வினாத்தாளின் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவது, வடிவொத்த முக்கோணம் வரைவது, பிறகு கிராப். இவை கையால் செய்கிற வேலை. முதல் நாள் யாருக்கும் சரியாக வராது, கவராயம் வழுக்கும், வட்டம் தொடங்கின இடத்தில் வந்து முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தான் என்பது எட்டிப் பார்த்தாலே தெரியும். விழுந்து எழுவது எல்லோருக்கும் ஒன்றாக நடந்துவிடுகிறது.

நாலைந்து வாரத்தில் கை படிந்துவிடும். ஸ்கேலும் பென்சிலும் துணியின் மேல் ஓடிப் பழகின விரல்கள் அல்லவா! கட்டிங் மாஸ்டர் போட்ட தொடுகோட்டை நான் பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை. அப்போதுதான் சொல்வேன்: "இதோ பதினாறு மார்க் உங்க கையில இருக்குது. பாஸ் பண்ண முப்பத்தஞ்சு. மிச்சம் எவ்வளவுங்க?" பத்தொன்பது என்று ஒரே குரலில் வரும். புத்தகத்துப் பயிற்சியிலிருக்கிற ஒரு மார்க் கேள்விகளில் எட்டு, ஒன்பதைப் பிடித்தால் மீதி இன்னும் சுருங்கும். டஜனுக்கு இவ்வளவு, ஒன்றரை ஷிப்டுக்கு இவ்வளவு என்று மனக்கணக்கில் வாரச் சம்பளத்தைச் சரிபார்க்கிறவர்களுக்கு இந்தக் கழித்தல் சொல்லித்தர வேண்டியதில்லை. 'கணக்கு' என்ற பெரிய மலை அந்த இடத்தில் 'இன்னும் பத்து மார்க்' ஆகிவிடுகிறது. முப்பத்தைந்துக்காகப் படிப்பது ஒரு படிப்பா என்று முகம் சுளிக்கிற சக ஆசிரியர்கள் எனக்கு உண்டு. முதலில் அந்த முப்பத்தைந்து வரட்டும். ருசி கண்டவர்கள் மேலே தாமாகவே கேட்பார்கள்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். வழி சொல்லும் வரைபடக் கேள்வி ஒன்று வரும். டெம்போ ஓட்டுகிறவர் அதைப் பார்த்ததும், "இதுக்கு மார்க் வேற குடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

பயம் என்று அவர்கள் சொல்வதெல்லாம் பயம்தானா என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். "மண்டையில ஏறல டீச்சர், வயசாயிருச்சு, மூளை மழுங்கிப் போச்சு" என்று வருத்தப்பட்ட செக்கிங் அம்மா ஒருவர், புத்தகத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிப்பதைப் பார்த்தேன். வெள்ளெழுத்து! நாற்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் வருவதுதான். கம்பெனியில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்துத் துணியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, வீட்டு பல்பில் பாடப்புத்தகத்து எழுத்து மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அதை அவர் மூளைக் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டதும் ஒரு மாதத்தில் சமூக அறிவியல் பாதி முடித்தார். ஆகவே புதிதாக வருகிற யாராக இருந்தாலும் முதல் வேலை கண்ணாடிக் கடைக்கு அனுப்புவதுதான்.

விரலும் அப்படித்தான். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதாமல் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பத்து நிமிடம் எழுதினாலே மணிக்கட்டு வலிக்கும், வரி மேலே ஏறும், இறங்கும். "எனக்குப் பதில் தெரியுதுங்க, எழுத வரல" என்பது பயம் இல்லை, வெறும் தசை. தினமும் ராத்திரி ஒரு பக்கம், எதை வேண்டுமானாலும் எழுதச் சொல்கிறேன். மளிகைச் சீட்டு, சாமி பேர், சூப்பர்வைசரைத் திட்டி நாலு வரி, எதுவானாலும் சரி. கடைசியாகச் சொன்னதுதான் நீளமாக வருகிறது. (நான் திருத்துவதில்லை. படிப்பதுண்டு.)

இனி மாடியை விட்டு இறங்க வேண்டிய இடங்கள். முதலாவது, படித்த பள்ளிக்கூடம். எட்டாவதோடு நின்றவர்கள் அங்கே போய் ரெக்கார்டு ஷீட் வாங்க வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்து அந்த வராண்டாவில் ஏற வேண்டும், தன் பிள்ளை வயதில் உள்ள கிளார்க் முன்னால் நின்று "எட்டாவது 'பி' செக்ஷன்" என்று சொல்ல வேண்டும். பாடம் தொடங்கு முன்பே பலர் இந்த இடத்தில் நழுவிவிடுகிறார்கள். வாங்கினாலும் பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாது. அந்தக் காலத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வசதியாக மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பாதி தமிழ்நாட்டுக்கு மே மாதத்தில்தான் பிறந்தநாள்! இந்த வேலைக்கு நான் யாரையும் தனியாக அனுப்புவதில்லை. இரண்டு பேராகப் போகச் சொல்வேன். பழைய மாணவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. வாங்கி முடித்தவருக்குக் கிளார்க்கிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும், அது என்னைவிட அவருக்கு நன்றாகச் சொல்ல வரும்.

இரண்டாவது, அறிவியல் செய்முறை. நூற்றில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறையில் 15-உம் எழுத்தில் 20-உம் தனித்தனியாக எடுக்க வேண்டும். தனித்தேர்வர்கள் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே இதற்கெனப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். சீருடைப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்க்க, சேலை கட்டிய நாலு பேர் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெளியே தெரியக் கூடாது என்று ஒளித்து வைத்ததெல்லாம் அங்கே உடைந்துவிடும். ஒருவருடைய பக்கத்து வீட்டுப் பையனே அந்தப் பள்ளியில் ஒன்பதாவது படித்தான். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து, "அத்தை, பிப்பெட்ல அப்படி உறியக் கூடாது, நான் சொல்லித் தரேன்" என்றானாம். அதிலிருந்து இருவரும் சேர்ந்து படிக்கிற கூட்டாளிகள்.

வீடுகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் சொன்னால் சண்டை வரும். ஒன்று மட்டும். "நாங்க எதுவும் தடுக்கலீங்களே" என்று பெருமையாகச் சொல்கிற கணவர்களிடம் நான் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை யார் வைக்கிறது என்பதுதான். திருப்பூரில் ஞாயிறு ஒன்றுதான் லீவு. அன்றைக்குத்தான் துணி, தண்ணி, கறி, விருந்தாளி எல்லாம். வகுப்புக்கு வராமல் போனவர்களில் பலரை நிறுத்தியது பயமில்லை, இந்தக் குழம்புதான். அதற்கு மனதைரியம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி என்ன செய்ய?

பரீட்சை நெருங்கும்போது ஹாலையே மாடிக்குக் கொண்டு வந்துவிடுகிறேன். பத்து மணிக்கு மணி. பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்க, ஐந்து நிமிடம் விடைத்தாளில் அச்சான விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட, 10.15-க்கு எழுத ஆரம்பித்து 1.15-க்குக் கடைசி மணி. அப்படியே நடத்துவேன். அந்த ஐந்து நிமிடக் கையெழுத்தில்தான் பலருக்கு நடுங்கும், பேங்கில் கையெழுத்து மாறிப் பணம் கிடைக்காமல் திரும்பிய நினைவு போலும். பறக்கும் படை என்று என் வீட்டுக்காரரைத் திடீரென்று உள்ளே விடுவேன். அவர் முறைத்துக்கொண்டு இரண்டு சுற்று வந்துவிட்டு, "யாருக்காச்சும் டீ வேணுமா?" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுப்பார். ஆனாலும் நிஜப் படை வரும்போது யாரும் பேனாவைக் கீழே போடுவதில்லை.

எல்லோரும் தேறிவிடுவதில்லை. நேரடியாக எழுதுகிறவர்கள் முதல் தடவை ஐந்து பாடத்தையும் எழுத வேண்டும். அதன் பிறகு தேறினது தேறினதுதான், விட்டதை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும். இந்த விதியை நான் முதல் நாளே சொல்கிறேன், நடுவிலும் சொல்கிறேன், ஆனாலும் ரிசல்ட் அன்றைக்குத்தான் அது அவர்கள் காதில் ஏறுகிறது. வெள்ளெழுத்து அம்மா இந்த முறை நாலு பாடம் தாண்டிவிட்டார். அறிவியல் செய்முறையும் முடிந்தது. எழுத்தில் 20-க்கு இரண்டு மார்க் குறைவு. போனில் சொல்லும்போது நான்தான் இழுத்தேன். அவர் கேட்டது, "மறுக்கா எப்பங்க டீச்சர், ஜூலையா? அப்ப ஷிப்மென்ட் நேரமாச்சுங்களே. ஒரு நாள் லீவுதானுங்களே வேணும்? நானே சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிக்கறேன்."

மின்னோட்டவியலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஓமின் விதி அவருக்கு வரும்.